கேமராவும் கணினியும் ஒரே தெருவில்: ஆலயத் தொண்டர்களுக்கு ஒரு கணினிப் பாடம்



ஆலயத்தில் உண்டியல் உடைந்தால், அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே "கேமரா மாட்டணும்" என்ற பேச்சு வந்துவிடும். பணம் ஒதுக்குவார்கள், கேமராவும் வந்து சேரும். பிறகு பெரியவர்களின் பார்வை நம் பக்கம் திரும்பும். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிறவன்தானே? இதைக் கொஞ்சம் பாரேன்" என்பார்கள். கேபிளை மாட்டி, கணினியில் முகவரியைத் தட்டினால் வெள்ளைத் திரைதான் வரும். கேமரா கெட்டுப்போச்சு என்று கடைக்குத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. பெரும்பாலும் கேமராவில் ஒரு குறையும் இருக்காது. கேமரா ஒரு தெருவில் இருக்கும், கணினி வேறொரு தெருவில் இருக்கும். அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தில் இரண்டு விசயம் படிக்கப் போகிறோம். ஒன்று, கணினியின் நெட்வொர்க் அமைப்பை மாற்றி ஐபி கேமராவோடு இணைப்பது. இரண்டு, நாம் பார்க்கும் படத்தை வேறு யாரும் பார்க்காதபடி காப்பது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு ஏணியை எடுத்து வைத்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

1. முகவரி என்றால் என்ன?

ஐபி கேமரா என்பது படம் எடுக்கும் ஒரு சின்னக் கணினி. பழைய சிசிடிவி கேமராவில் வீடியோ கேபிள் பதிவுப் பெட்டிக்குப் போகும். ஐபி கேமராவோ, நம் மடிக்கணினி மாதிரியே நெட்வொர்க் கேபிளில் பேசும். அதனால் அதற்கும் ஒரு முகவரி வேண்டும். அதுதான் ஐபி முகவரி. 192.168.1.64 என்பது போல நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம்.

நம் தாமானை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தெருவிலும் 64ஆம் எண் வீடு இருக்கும். எந்தத் தெரு என்று சொன்னால்தான் தபால்காரர் சரியாக வருவார். 192.168.1.64 என்ற முகவரியில் 192.168.1 என்பது தெருவின் பெயர், 64 என்பது வீட்டு எண். எதுவரை தெரு, எங்கிருந்து வீட்டு எண் என்று பிரித்துக் காட்டுவதுதான் சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் தெரு, கடைசி எண் மட்டும் வீடு என்று பொருள். அந்தத் தெருவில் 1 முதல் 254 வரை வீடுகள் இருக்கலாம். 0 தெருவையே குறிக்கும், 255 தெருவில் உள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் எண். இந்த இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்கக் கூடாது.

ஒரே தெருவில் உள்ள இரண்டு கருவிகள் நேராகப் பேசிக்கொள்ளும். வேறு தெருவுக்குப் போக வேண்டுமானால் ரவுட்டர் வழிகாட்ட வேண்டும். உங்கள் கணினி 192.168.0.12இல் இருக்கிறது, கேமரா 192.168.1.64இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி கேமராவைத் தேடும்போது, "இது நம் தெரு இல்லையே" என்று தகவலை ரவுட்டரிடம் கொடுத்துவிடும். அந்தத் தெரு எங்கே என்று வீட்டு ரவுட்டருக்கும் தெரியாது. கேமரா அதே மேசையில், அதே சுவிட்சில் இருந்தாலும் தகவல் போய்ச் சேராது. வெள்ளைத் திரைக்கு இதுதான் காரணம்.

2. ஏணி ஏறுவதற்கு முன்

கேமராவைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, பிறகு அமைப்பைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் தரையில், மேசையில் வைத்தே முடியுங்கள். தேவையானவை இவை:

• நெட்வொர்க் துளை உள்ள மடிக்கணினி. துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி வழியாக மாட்டும் லேன் அடாப்டர் போதும்.
• நல்ல நெட்வொர்க் கேபிள்.
• கேமராவுக்கு மின்சாரம். சில கேமராக்களுக்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். சிலவற்றுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் வரும். அதற்குப் 'பிஓஇ' வசதியுள்ள சுவிட்ச் வேண்டும். மடிக்கணினியின் துளை கேமராவுக்கு மின்சாரம் தராது.
• கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மண்டபத்திலிருந்து வாசல் வளைவு வரை இழுக்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

கேமராவின் அடியில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். மாடல் எண், தொடர் எண் எல்லாம் அதில் இருக்கும். பல கேமராக்களில் தொடக்க முகவரியும் இருக்கும். மாட்டுவதற்கு முன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு அதற்காக ஏணி ஏற வேண்டியிருக்காது.

ஒட்டுத்தாளில் முகவரி இல்லாவிட்டால் கையேட்டைப் பாருங்கள். ஹிக்விஷன் கேமராக்கள் பொதுவாக 192.168.1.64 என்ற முகவரியோடும், டாஹுவா கேமராக்கள் 192.168.1.108 என்ற முகவரியோடும் வரும். இங்கே ஒரு முக்கியமான விசயம். ஒரே நிறுவனத்தின் நான்கு கேமராக்களை வாங்கினால் நான்கும் ஒரே முகவரியோடு வரக்கூடும். ஒரே தெருவில் நான்கு வீட்டுக்கும் 64 என்று எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் ஒவ்வொரு கேமராவாக மாட்டி, அதன் முகவரியை மாற்றி முடித்த பிறகே அடுத்ததை மாட்டுங்கள்.

3. கணினியைக் கேமராவின் தெருவுக்குக் கொண்டுபோவது

கேமராவின் முகவரி 192.168.1.64 என்று வைத்துக்கொண்டு செய்வோம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வழி உண்டு.

முதல் படி: மடிக்கணினியின் வைஃபையை அணையுங்கள். வைஃபையும் கேபிளும் ஒரே சமயத்தில் இருந்தால், எந்த வழியில் போவது என்று கணினி குழம்பலாம்.

இரண்டாம் படி: கேமராவையும் கணினியையும் கேபிளால் இணையுங்கள். பிஓஇ சுவிட்ச் இருந்தால் இரண்டையும் அதில் செருகுங்கள். துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் கேபிளையும் மின்சாரத்தையும் முதலில் பாருங்கள். விளக்கே எரியாதபோது அமைப்பை மாற்றி ஒரு பயனும் இல்லை.

மூன்றாம் படி: கமாண்ட் பிராம்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுங்கள். இப்போதைய முகவரி தெரியும். 169.254 என்று தொடங்கினால் பயப்பட வேண்டாம். "எனக்கு யாரும் முகவரி தரவில்லை, நானே ஒன்று வைத்துக்கொண்டேன்" என்று கணினி சொல்கிறது. நடுவில் ரவுட்டர் இல்லாமல் கேமராவோடு நேராக இணைத்தால் இப்படித்தான் வரும்.

நான்காம் படி: கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர், சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போங்கள். 'ஈதர்நெட்' படத்தின்மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறங்கள். பட்டியலில் 'இன்டர்நெட் புரோட்டகால் வெர்ஷன் 4' என்ற வரியை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: அங்கே முகவரியைத் தானாகப் பெறும்படி இருக்கும். அதை மாற்றி, 'யூஸ் த ஃபாலோயிங் ஐபி அட்ரஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து இப்படி நிரப்புங்கள்:

ஐபி அட்ரஸ்: 192.168.1.10
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
டிஃபால்ட் கேட்வே: காலியாக விடுங்கள்
டிஎன்எஸ்: காலியாக விடுங்கள்

ஏன் 10? கேமராவின் 64ஐத் தவிர 1 முதல் 254 வரை எதையும் போடலாம். 10 என்பதில் விசேசம் ஒன்றுமில்லை. கேட்வே ஏன் காலி? கேட்வே என்பது தெருவை விட்டு வெளியே போகும் வாசல். நாம் இப்போது எங்கும் வெளியே போகவில்லை, பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டப் போகிறோம்.

ஆறாம் படி: ஓகே கொடுத்து எல்லாச் சன்னலையும் மூடுங்கள். கமாண்ட் பிராம்டில் 'பிங்' கட்டளையோடு 192.168.1.64 என்று கொடுங்கள். 'ரிப்ளை ஃப்ரம் 192.168.1.64' என்று வந்தால் கேமரா பதில் சொல்லிவிட்டது.

ஏழாம் படி: பிரவுசரின் முகவரிப் பட்டையில் 192.168.1.64 என்று தட்டுங்கள். கேமராவின் பக்கம் திறக்கும். புதுக் கேமராவாக இருந்தால் கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். படம் தெரியாமல் பக்கம் மட்டும் தெரிந்தால் அது நெட்வொர்க் கோளாறு இல்லை. சில பழைய கேமராக்கள் பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் படம் காட்டும். எட்ஜ் பிரவுசரில் உள்ள ஐஇ மோட் இதற்கு உதவும்.

4. பதில் வராவிட்டால்

பிங் செய்தபோது பதில் வரவில்லையா? கைக்கு வந்ததையெல்லாம் மாற்றாதீர்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று உங்கள் கணினியின் முகவரியிலிருந்தே பதில் வந்தால், உங்கள் தெருவில் அந்த எண் வீட்டிலிருந்து யாரும் குரல் கொடுக்கவில்லை என்று பொருள். கேமரா இன்னும் முழுமையாகத் தொடங்காமல் இருக்கலாம். ஓரிரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அல்லது அதன் முகவரி வேறாக இருக்கலாம்.

முகவரி தெரியாத கேமராவைக் கண்டுபிடிக்க அந்தந்த நிறுவனமே இலவச மென்பொருள் தருகிறது. ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, டாஹுவாவுக்குக் கான்ஃபிக் டூல். வேறு தெருவில் இருக்கும் கேமராவையும் இவை கண்டுபிடித்துக் காட்டும், கேபிள் மட்டும் ஒரே சுவிட்சில் இருந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் கேமராவில் ரீசெட் பொத்தான் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். அதை அழுத்தினால் எல்லா அமைப்பும் தொடக்க நிலைக்குப் போகும்.

இன்னொன்று. என்விஆர் என்ற பதிவுப் பெட்டியின் பின்னால் உள்ள பிஓஇ துளைகளில் கேமராவைச் செருகியிருந்தால், அந்தப் பெட்டி தனக்கென்று ஒரு தனித் தெரு வைத்திருக்கும். ஆலய ரவுட்டரில் இருக்கும் கணினிக்கு அந்தத் தெரு தெரியாது. அப்போது கேமராவைத் தேடாமல், என்விஆர் பெட்டியின் முகவரிக்குப் போய்ப் படத்தைப் பாருங்கள்.

5. கேமராவை ஆலயத்தின் தெருவுக்குக் குடியேற்றுவது

கணினி கேமராவின் தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டது. இப்போது கேமராவை நிரந்தரமாக ஆலயத்தின் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆலய ரவுட்டர் 192.168.0.1 என்றும், அது 100 முதல் 200 வரையுள்ள எண்களைக் கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் தானாகப் பகிர்ந்து கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்த விவரம் இருக்கும். கேமராவுக்கு அந்த வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைக் கொடுங்கள். கேமராவின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபி 192.168.0.51, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.0.1 என்று நிரப்பிச் சேமியுங்கள். வரம்புக்குள் உள்ள எண்ணைக் கொடுத்தால், தைப்பூசத்தன்று யாரோ ஒருவரின் கைப்பேசிக்கு ரவுட்டர் அதே எண்ணைக் கொடுத்துவிடலாம். இரண்டும் மோதிக்கொள்ளும், படம் நின்றுவிடும்.

சேமித்ததும் திரை உறைந்துவிடும். பதற வேண்டாம். கேமரா வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது, நாம் பழைய தெருவிலேயே நிற்கிறோம். மீண்டும் நான்காம் படிக்குப் போய், 'அப்டெயின் அன் ஐபி அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மறந்தால் அடுத்த முறை வேறு இடத்தில் அந்தக் கணினியில் கேபிள் மாட்டும்போது இணையம் வராது.

பிறகு கேமராவையும் கணினியையும் ஆலய ரவுட்டரில் இணைத்து, 192.168.0.51 என்று தட்டிப் பாருங்கள். படம் வந்ததும் கேமராவின் நாள், நேரம், நேர மண்டலம் மூன்றையும் சரிபாருங்கள். நம் நாட்டுக்குக் கிரீன்விச் நேரத்தோடு 8 மணி கூட்ட வேண்டும். நேரம் தவறான படத்தைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால், முதல் கேள்வியிலேயே சிக்கல் வரும்.

கடைசியாக, எந்தக் கேமரா எங்கே, எந்த முகவரி என்று ஒரு தாளில் அட்டவணை போட்டு ஆலய அலுவலகக் கோப்பில் வையுங்கள். நீங்கள் மேற்படிப்புக்கு வெளியூர் போன பிறகு, அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டும்.

6. சாவி யாரிடம்?

சிவாலயங்களில் இரவு நடை சாத்திய பிறகு கோவில் சாவியைப் பைரவர் சன்னதியில் வைக்கும் வழக்கம் உண்டு. கதவைப் பூட்டினால் மட்டும் போதாது, சாவி இருக்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும் என்பதை அந்த வழக்கம் நமக்குச் சொல்கிறது. கேமராவுக்குச் சாவி அதன் கடவுச்சொல்.

2016ஆம் ஆண்டு 'மிராய்' என்ற தீய நிரல் உலகம் முழுவதும் பரவியது. அது பெரிய தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடி, அறுபது போல எளிய பெயர், கடவுச்சொல் சோடிகளைப் போட்டுப் பார்த்தது. அப்படிப் பிடித்த கருவிகளைப் படையாகத் திரட்டி அந்த ஆண்டு அக்டோபர் 21இல் நடத்திய தாக்குதலில், டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. 2020 அக்டோபரில் சிங்கப்பூரில் வீடுகளுக்குள் மாட்டிய கேமராக்களின் காட்சிகள் திருடப்பட்டு ஆபாசத் தளங்களில் வந்த செய்தியும் வெளியானது. காவலுக்கு வைத்த கண்ணே வீட்டைக் காட்டிக் கொடுத்தது.

அதனால் இவற்றைக் கட்டாயம் செய்யுங்கள்:

• தொடக்கக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். ஆலயத்தின் பெயர், தொலைபேசி எண், 12345 எதுவும் வேண்டாம். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை, கேமரா கேட்கும் எண்களோடு சேர்த்து வையுங்கள்.
• ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' போட்டுக் கேமராவை நேராக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். தேவையில்லாவிட்டால் 'யூபிஎன்பி' என்பதையும் அணையுங்கள்.
• பக்தர்கள் பயன்படுத்தும் வைஃபை வேறு, கேமராக்கள் இருக்கும் நெட்வொர்க் வேறு என்று பிரித்து வையுங்கள். பல ரவுட்டர்களில் விருந்தினர் வைஃபை வசதி இருக்கிறது.
• நிறுவனம் வெளியிடும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பை அவ்வப்போது போடுங்கள்.
• நிர்வாகக் கணக்கு வேறு, படம் பார்க்க மட்டும் உள்ள கணக்கு வேறு என்று இரண்டு வையுங்கள்.
• நிர்வாகக் கடவுச்சொல்லை எழுதி, உறையில் ஒட்டி, செயலாளரின் பொறுப்பில் ஆலயப் பெட்டகத்தில் வையுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறினால் கடவுச்சொல்லும் மாற வேண்டும். மாட்டிக் கொடுத்தவர் என்பதற்காக அது உங்கள் கைப்பேசியில் இருக்கக் கூடாது.

கடைசி வரி சிலருக்குக் கசக்கும். "நான்தானே எல்லாம் செஞ்சேன், என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று தோன்றும். அந்த ஏற்பாடு உங்களையும் காக்கிறது. நாளைக்கு ஒரு காட்சி வெளியே கசிந்தால், சாவி வைத்திருந்தவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

7. எதைப் பார்க்கக் கூடாது?

கேமராவை எங்கே திருப்புகிறோம் என்பதும் நம் பொறுப்பு. உண்டியல், வாசல், நகைப் பெட்டகம் உள்ள அறையின் கதவு, வாகன நிறுத்துமிடம் ஆகியவை சரி. பரதம் ஆடும் பிள்ளைகளும் காவடி எடுப்பவர்களும் உடை மாற்றும் அறை, குளியல் இடம் ஆகிய பக்கம் கேமராவின் விளிம்புகூடத் திரும்பக் கூடாது. கேமரா இருக்கிறது என்று வாசலில் தமிழிலும் மலாயிலும் எழுதி வையுங்கள்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு 9 மணிக்கு ஒருவர் உண்டியல் பக்கத்தில் குனிகிறார், எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறார். அந்தப் பத்து வினாடியை ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். விடிவதற்குள் அவர் 'உண்டியல் திருடன்'. அதற்கு முந்திய ஒரு நிமிடத்தைப் பார்த்திருந்தால், அவர் பையிலிருந்து கார் சாவி கீழே விழுந்தது தெரிந்திருக்கும். உண்மை பிறகு தெரிந்தாலும், அவரும் அவர் குடும்பமும் அந்த வாசலை மறுபடி மிதிப்பார்களா? உண்டியலில் போன பணத்தைப் பக்தர்கள் மீண்டும் நிரப்பிவிடுவார்கள். போன மானத்தை யார் நிரப்புவது?

ஆகவே ஒரு விதியை நிர்வாகத்தோடு பேசி எழுதி வையுங்கள்: பதிவை இருவர் சேர்ந்துதான் திறந்து பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் புகார் செய்து, நகலைப் போலீசிடம் கொடுக்க வேண்டும். எந்தக் குழுவிலும் போடக் கூடாது.

கிளை வகுப்புக்கான பயிற்சி

அ. கணினியின் முகவரி 192.168.8.20, மாஸ்க் 255.255.255.0. கேமராவின் முகவரி 192.168.1.108. இரண்டும் நேராகப் பேசுமா? பேசாவிட்டால் கணினிக்கு என்ன முகவரி கொடுப்பீர்கள்?

ஆ. ஒரே நிறுவனத்தின் மூன்று புதுக் கேமராக்களை ஒரே நேரத்தில் சுவிட்சில் செருகினால் என்ன சிக்கல் வரலாம்?

இ. இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு மடிக்கணினியில் நான்காம் படி முதல் ஆறாம் படி வரை செய்யுங்கள். கேமரா இல்லாவிட்டால் இரண்டு மடிக்கணினிகளைக் கேபிளால் இணைத்து, ஒன்றின் முகவரிக்கு இன்னொன்றிலிருந்து பிங் செய்து பாருங்கள். விண்டோஸின் ஃபயர்வால் பதிலைத் தடுக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். முடித்ததும் தானியங்கி அமைப்புக்குத் திருப்புங்கள்.

ஈ. உங்கள் வட்டார ஆலயத்தில் கேமரா இருந்தால், நிர்வாகத்திடம் மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள்: தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்களா? சாவி யாரிடம் இருக்கிறது? நேரம் சரியாக ஓடுகிறதா? பதில் தெரியாது என்றால் குறை சொல்ல வேண்டாம். "நாங்கள் வந்து செய்து தருகிறோம்" என்று சொல்லுங்கள். இதுவும் உழவாரப் பணிதான்.